பதிவேட்டில் நம் பெயர்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க் குழுவினர் பணித்தபோது, சோழர் கோயில்களைப் பற்றி எழுதுவதா, பண்டைத் துறைமுகங்களைப் பற்றி எழுதுவதா என்று நாம் சில நாள் தயங்கியிருந்தோம். அவற்றைப் பற்றி நம்மினும் கற்றறிந்தோர் எவ்வளவோ எழுதிவிட்டனர். இத்தயக்கத்தை ஒரு பயணம் தீர்த்து வைத்தது. சென்ற தை மாதம், சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த வேளையில், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் காணாதிருந்த நம் பழைய உயர்நிலைப் பள்ளியின் படியை மீண்டும் மிதித்தோம். உடன் வந்தவர் நம்மோடு ஒரே பெஞ்சியில் அமர்ந்து படித்த நண்பர். அவர் 1971-ஆம் ஆண்டில் கனடா சென்று அந்நாட்டுக் குடிமகனாகவே ஆகிவிட்டவர். நாமோ காவிரியை விட்டு யமுனைக் கரைக்கு வந்து சேர்ந்தவர். ஒருவர் கடல் கடந்தார், மற்றவர் விந்தியம் கடந்தார் என்பதைத் தவிர எங்களிடையே பெரிய வேற்றுமை இல்லை. ஊரை விட்டவர்கள் என்ற முறையில் இருவரும் ஓர் இனமே.

ஊருக்குத் திரும்புகிறவன் முதலில் தன் வீட்டைத் தேடிச் செல்லாமல் பள்ளியைத் தேடிச் செல்வானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். வீடு பாகப்பிரிவினையில் கைமாறிவிட்டது. நிலத்தை விற்றாயிற்று. கோயிலில் நமக்கிருந்த மண்டகப்படியும் வேறொருவர் பெயருக்குப் போயிற்று. எஞ்சி நிற்பது பள்ளிக்கூடம் ஒன்றே. அது எவருடைய சொத்தும் அன்று. ஆகையால் எவரும் அதை விற்க இயலவில்லை. ஊரை விட்டவனுக்கு ஊரில் மிச்சமிருக்கும் ஒரே உரிமை அதுதான் போலும்.

பள்ளியும் பயணமும்

பள்ளிக்கூடம் நம்மை வளர்த்த தாய் என்று பேசுவது வழக்கம். ஆயினும் சரித்திரத்தைச் சற்று ஊன்றி நோக்கினால், நம்மை ஊரை விட்டு அனுப்பி வைத்ததும் அந்தத் தாயே என்பது விளங்கும்.

தஞ்சைத் தரணியில் ஆங்கிலப் பள்ளிக்கு விதையிட்டவர் ஜெர்மன் நாட்டுப் பாதிரியாரான சுவார்ட்ஸ். 1798-ல் மறைந்த அவர், அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே தஞ்சாவூரிலும் இராமநாதபுரத்திலும் ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளிகளை நிறுவினார். அன்று அப்பள்ளிகளின் நோக்கம் அரண்மனைக்கும் கம்பெனிக்கும் இடையே பேச வல்லவர்களை உண்டாக்குவதாக இருந்தது. 1854-ல் கும்பகோணத்தில் தோன்றிய அரசினர் பள்ளி பின்னர்க் கல்லூரியாக வளர்ந்து, தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்ற சிறப்புப் பெயரும் பெற்றது. 1857-ல் சென்னைச் சர்வகலாசாலை ஏற்பட்டு மெட்ரிகுலேஷன் பரீட்சை நடத்தத் தொடங்கியது. 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு இரயில் ஓடிற்று. 1864-ல் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல் பிறந்தது.

இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பரீட்சை என்று ஒன்று வந்த பிறகுதான், ஓர் ஊரில் படித்த பிள்ளை மற்றோர் ஊரில் வேலை கேட்க வழி பிறந்தது. அதற்கு முன் ஒருவனுடைய புலமைக்குச் சாட்சி சொல்லக் கூடியவர் அவனுடைய ஆசிரியர் ஒருவரே. அவருடைய சொல் செல்லும் தூரம் எவ்வளவோ அவ்வளவு தூரமே அவன் போக முடியும். சர்வகலாசாலை முத்திரையிட்ட சான்றிதழோ கையோடு எடுத்துச் செல்லக் கூடியது. அதை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு இரயிலேறினால் சென்னையிலும் செல்லும், இரங்கூனிலும் செல்லும். நிலத்தின் மதிப்பு ஊரோடு நிற்க, சான்றிதழின் மதிப்பு ஊர் ஊராகத் தொடர்ந்து வந்தது. நம் காலனியில் ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டிலும் அலமாரியின் மேல் தட்டில் உறை போட்டுக் காக்கப்படும் அந்தப் பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், நம் குடும்பங்களின் பயணச் சீட்டே அன்றி வேறில்லை.

கணித மேதையின் பள்ளி

எங்கள் ஊருக்குச் செல்லும் முன் ஒருநாள் கும்பகோணத்தில் தங்கினோம். டவுன் ஹைஸ்கூல் இன்றும் இயங்கி வருகிறது. 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன், 1897-ல் தொடக்கப் பள்ளிப் பரீட்சையில் ஜில்லாவிலேயே முதல்வனாகத் தேறி, 1898-ல் இப்பள்ளியில் சேர்ந்தார். துணிக்கடைக் கணக்கரின் மகனுக்குப் பள்ளிச் சம்பளம் பாதியாகக் குறைக்கப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவரும் முப்பத்தைந்து ஆசிரியரும் கொண்ட அப்பள்ளியின் வகுப்புக் கால அட்டவணையை, மோதலின்றி அமைத்துக் கொடுக்கும் பொறுப்பில் மூத்த கணித ஆசிரியருக்கு இச்சிறுவன் துணை நின்றான் என்பர். 1904-ல் பரிசளிப்பு விழாவில் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் கணிதப் பரிசை வழங்கும்போது, முழு மதிப்பெண்ணுக்கும் மேலே மதிப்பெண் உண்டானால் அதற்கும் தகுந்தவன் இவன் என்ற கருத்துப்படப் பாராட்டினார்.

அதற்குப் பின் நிகழ்ந்தவற்றை நாம் அறிவோம். அரசினர் கல்லூரியில் பிற பாடங்களைப் புறக்கணித்து உபகாரச் சம்பளத்தை இழந்தார். 1905-ல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் ஓடினார். 1912-ல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு எழுத்தர் ஆனார். 1913-ல் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். குடுமியைக் களைந்து, 1914-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் கப்பலேறினார். 1918-ல் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1919 மார்ச்சில் நோயாளியாகப் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கி, சென்னை, கொடுமுடி, கோயம்புத்தூர் என்று இடம் மாறி, இறுதியில் கும்பகோணத்திலும் சில மாதங்கள் தங்கினார். 1920 ஏப்ரல் 26-ஆம் நாள், முப்பத்திரண்டாம் வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். கடல் கடந்தவர் பிராயச்சித்தம் செய்துகொள்ளவில்லை என்று உறவினர் பலர் ஈமச் சடங்கிற்கு வராமல் ஒதுங்கினர் என்று அவர் வாழ்க்கை வரலாறு கூறுகிறது.

சாரங்கபாணி சந்நிதித் தெருவில் அவர் வாழ்ந்த சிறு வீடு இப்போது நினைவு இல்லமாகக் காக்கப்படுகிறது. அதன் திண்ணையருகே நின்றபோது நண்பர் மெல்லச் சொன்னார்: “அவரை ஊர் ஒதுக்கி வைத்தது. நம்மை ஊர் ஒதுக்கவில்லை, நாமே ஒதுங்கிக்கொண்டோம்.” அதற்கு மறுமொழி கூற நம்மால் இயலவில்லை.

பள்ளியையே எடுத்துச் சென்றவர்

திரும்பி வந்தவரின் கதை இது. திரும்பி வராமலேயே பள்ளிக் கடனைத் தீர்த்தவர் ஒருவரும் அந்த வட்டாரத்தில் தோன்றினார். கும்பகோணத்துக்கு அண்மையிலுள்ள வலங்கைமானில் 1869-ல் ஏழைப் புரோகிதக் குடும்பத்தில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரையே கூறுகின்றோம். கும்பகோணம் நேடிவ் ஹைஸ்கூலிலும் அரசினர் கல்லூரியிலும் கற்று, ஆசிரியத் தொழிலில் புகுந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கியவர் அவர். பின்னர் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து தேசப் பணியில் இறங்கினார். அவரது ஆங்கிலச் சொல்வன்மையை ஆங்கிலேயரே வியந்தனர்.

1927-ல் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாக அவர் சென்றார். அந்நாட்டில் இந்தியர் குடியேற்றம் 1860 நவம்பர் 16-ஆம் நாள் தொடங்கியது. அன்றுதான் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரையில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் கரும்புத் தோட்டங்களுக்கும் பிற வேலைகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். அவர்களுள் தமிழர் ஏராளம். சான்றிதழைக் கையில் கொண்டு போன நம்மைப் போன்றோரல்லர் அவர்கள். எழுதத் தெரியாமல் கைநாட்டு வைத்துப் போனோர் பலர். அவர்தம் பேரக் குழந்தைகளுக்கு உயர்நிலைக் கல்வி எட்டாக் கனியாக இருந்தது.

சாஸ்திரியார் இந்தக் குறையைக் கண்டார். இந்திய வம்சத்தாரிடமே நன்கொடை திரட்டி, இந்தியாவிலிருந்து ஆசிரியர்களை வரவழைக்கவும் ஏற்பாடு செய்து, டர்பன் நகரில் உயர்நிலைப் பள்ளி ஒன்று எழுவதற்குக் காரணமானார். 1929-ல் திறக்கப்பட்ட அப்பள்ளிக்குச் சாஸ்திரி கல்லூரி என்றே பெயரிட்டனர். வலங்கைமான் சிறுவன் கும்பகோணத்தில் பெற்ற கல்வி இவ்வாறு கடல் கடந்து வேறொரு பள்ளியாய் முளைத்தது. ஊரை விட்டவன் பள்ளிக்குச் செய்யக் கூடிய கைம்மாறு இரண்டு வகை. திரும்பி வந்து செய்வது ஒன்று. சென்ற இடத்தில் அதைப் போன்ற மற்றொன்றை எழுப்புவது மற்றொன்று. 1932-ல் பம்பாய் மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களும், இத்தலைநகரில் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளை வளர்த்தவர்களும் இரண்டாம் வகையைச் சார்ந்தவர்கள். தாம் விட்டு வந்த பள்ளியை அவர்கள் தம்மோடு எடுத்து வந்தார்கள்.

எங்கள் பள்ளியின் ஏடுகள்

இனி எங்கள் பள்ளிக்கு வருவோம். அதன் பெயரைக் குறிப்பிடாமல் விடுகின்றோம். அதைப் போன்றவை தஞ்சை ஜில்லாவில் பல. 1920-களில் ஜில்லா போர்டால் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் போர்டுகள் கலைந்து போயின. 1978-ல் பன்னிரண்டாம் வகுப்பு முறை வந்த பின்னர் அதுவும் மேல்நிலைப் பள்ளியாக உயர்ந்தது. பழைய ஓட்டுக் கட்டடம் ஒரு புறமும் புதிய மெத்தைக் கட்டடம் மறுபுறமும் நிற்கின்றன. நாங்கள் ஏறி விளையாடிய தூங்குமூஞ்சி மரம் இல்லை.

தலைமையாசிரியை அம்மையார் எங்களை அன்புடன் வரவேற்றார். நண்பர் தம் பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். பள்ளி வாயிலில் சிமெண்டு வளைவு ஒன்று கட்டி, அதில் எங்கள் வகுப்பினர் பெயர்களைப் பொறிக்க வேண்டுமென்பது அவர் எண்ணம். அம்மையார் அதைப் பொறுமையுடன் பார்த்துவிட்டு, “ஐயா, முதலில் உங்களுக்கு ஒன்றைக் காட்டுகிறேன்” என்று எழுந்தார்.

அவர் அழைத்துச் சென்ற அறையில் எங்களுக்காகக் காத்திருந்தவரைக் கண்டு திகைத்தோம். அவரும் எங்கள் வகுப்புத் தோழரே. எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பின் அதே பள்ளியில் எழுத்தராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்று, ஓய்வுக்குப் பின்னும் ஊதியமின்றி வந்து பழைய ஏடுகளைக் கவனித்து வருபவர். “வாங்கடா, இப்பவாவது வழி தெரிஞ்சுதே!” என்றார். மரப் பெட்டியொன்றைத் திறந்தார். உள்ளே பள்ளி தொடங்கிய நாள் முதல் எழுதப்பட்ட மாணவர் சேர்க்கைப் பதிவேடுகள் இருந்தன. சில ஏடுகளில் ஓரங்கள் செல்லரித்துப் போயிருந்தன. நனைந்த ஏடுகளை ஆண்டுதோறும் மழைக்குப் பின் அவர் ஒவ்வொரு தாளாக வெயிலில் உலர்த்தி எடுத்து வைக்கிறாராம்.

சரித்திரம் என்பது செப்பேட்டிலும் கல்வெட்டிலும் உள்ளது என்றே நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அன்று அந்தப் பதிவேட்டைப் புரட்டிய இரண்டு மணி நேரத்தில் அவ்வெண்ணம் மாறிற்று. பெயர், பிறந்த தேதி, தகப்பனார் தொழில், முன்பு படித்த பள்ளி, நீங்கிய தேதி, நீங்கிய காரணம் என்று பத்திகள். ஆரம்ப ஏடுகள் ஆங்கிலத்திலும் பின்னவை தமிழிலும் எழுதப்பட்டிருந்தன.

‘முன்பு படித்த பள்ளி’ என்ற பத்தியை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தோம். பெரும்பாலும் பக்கத்துக் கிராமங்களின் பெயர்களே. 1942-ஆம் ஆண்டுப் பக்கம் வந்ததும், பள்ளி ஆண்டின் நடுவில், இரங்கூன், இரங்கூன், மோல்மேன் என்று வரிகள். வகுப்பிற்கு மிஞ்சிய வயதுப் பிள்ளைகள் அவர்கள். 1941 டிசம்பர் 23-ஆம் நாள் ஜப்பானியர் இரங்கூனில் குண்டு வீசினர். அதன்பின் இலட்சக்கணக்கான இந்தியர் மலையும் காடும் தாண்டிக் கால்நடையாகவே மணிப்பூர், அஸ்ஸாம் வழியாக இந்தியா சேர்ந்தனர்; வழியில் மாண்டவர் கணக்கற்றவர். அந்தப் பெருந்துயரம் எங்கள் பள்ளியின் ஏட்டில் ஒரே சொல்லாக நிற்கிறது. ‘முந்தைய சான்றிதழ் இல்லை’ என்ற குறிப்பின் கீழ் அன்றைய தலைமையாசிரியரின் கையெழுத்து உள்ளது. சான்றிதழ் இல்லாத பிள்ளைகளையும் அவர் சேர்த்துக்கொண்டார்.

இன்னும் சில ஆண்டுகள் தள்ளி வந்தோம். 1964-ல் பர்மாவில் கடைகள் நாட்டுடைமை ஆனபின் மறுபடியும் இரங்கூன் வருகிறது. அதே 1964 அக்டோபரில் ஸ்ரீமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இலங்கைத் தோட்டத் தமிழருள் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியா ஏற்பதென்று அதில் முடிவாயிற்று. பின்னாளில் ஹட்டனிலிருந்து வந்த ஒரு சிறுமியின் பெயரையும் கண்டோம். அவ்வாண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது; கப்பலும் இரயிலும் கைகோத்த பழைய வழி அத்துடன் மறைந்தது.

‘நீங்கிய காரணம்’ என்ற பத்தியோ எதிர்த்திசையில் பேசிற்று. முற்காலத்தில் ஈப்போ, கோலாலம்பூர். நாகப்பட்டினத்தில் ‘ராஜுலா’ கப்பலேறிப் பினாங்கு சென்ற குடும்பங்கள் அவை. பின்னர் பம்பாய், டில்லி, பிலாய். 1970-களின் பிறகு நீங்குவோர் குறைகின்றனர். அதன் பொருள் பயணம் நின்றுவிட்டது என்பதன்று. இப்போது ‘தகப்பனார் தொழில்’ என்ற பத்தியைப் பார்க்க வேண்டும்; துபாய், குவைத், சிங்கப்பூர் என்று அங்கே எழுதியிருக்கிறது. முன்பு தகப்பன் போனால் குடும்பமும் உடன் போயிற்று. வளைகுடா நாடுகளில் குறைந்த ஊதியத்தில் உழைப்போர் குடும்பத்தை அழைத்துச் செல்ல இயலாது. ஆகவே பிள்ளை பள்ளியில் இருக்கிறான். தகப்பன் பதிவேட்டில் மட்டும் இருக்கிறான்.

வேறொன்றும் கண்டோம். முதல் இருபது ஆண்டு ஏடுகளில் பெண் பெயர்களைத் தேட வேண்டியிருந்தது. சேரிப் பிள்ளைகளின் பெயர்களையும் அப்படியே. 1956-ல் மதிய உணவுத் திட்டம் வந்தது. 1960-களின் முற்பகுதியில் பள்ளிச் சம்பளமும் படிப்படியாக நீங்கிற்று. அதற்குப் பிந்திய ஏடுகளோ தடித்துக்கொண்டே போகின்றன. நம் காலத்துப் பள்ளியே பொற்காலப் பள்ளி என்று நாம் ஓயாமல் பேசி வந்திருக்கிறோம். அது எவருக்குப் பொற்காலம் என்று அந்த மெல்லிய ஏடுகள் நம்மைக் கேட்டன.

எங்கள் வரி

எங்கள் வரியும் வந்தது. பிறந்த தேதி ஜூன் மாதம் என்றிருந்தது. நாம் பிறந்தது ஐப்பசியில். வயதுக் கணக்கு சரிப்பட வேண்டி அந்நாளில் ஆசிரியர்கள் பலருக்கு இட்ட பொதுப் பிறந்த நாள் அது. அந்தத் தேதியில்தான் நாம் இத்தலைநகரில் அரசாங்கப் பணியிலிருந்து மாலை மரியாதைகளுடன் ஓய்வு பெற்றோம்! நீங்கிய ஆண்டு 1966. அதற்கு முந்திய ஆண்டில் மொழிப் போராட்டத்தால் பள்ளி மூடிக் கிடந்ததும், மறு ஆண்டிலேயே வடக்கே வந்து நாம் இந்தி எழுத்துக் கூட்டிப் படித்ததும் நினைவுக்கு வந்து சிரித்தோம்.

அப்போது எழுத்தர் தோழர் சிரிக்காமல் ஒன்று கூறினார்: “உங்க பேருக்கு நேரா எழுதாத ஒரு வரி இருக்கு. பரீட்சைக் கட்டணம் யார் கட்டினது, ஞாபகம் இருக்கா?”

நினைவில்லாமல் என்ன? எங்கள் இருவருக்கும் கட்டியவர் தமிழ்ப் பண்டிதர் ஐயா. அவ்வாண்டு விளைச்சல் பொய்த்து எங்கள் வீடுகளில் கையில் காசில்லை. வேலை கிடைத்ததும் திருப்பித் தருகிறோம் என்று சொல்லிப் போனோம். வேலை கிடைத்தது. கடிதம் எழுத வேண்டுமென்று எண்ணினோம். எழுதவில்லை. முதல் ஆண்டு சோம்பல், பின்பு வெட்கம், அதற்குப் பின் மறதி. தோழர் மேலும் சொன்னார்: பண்டிதர் ஆண்டுதோறும் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு அவ்வாறு கட்டி வந்தாராம். எவரிடமும் கேட்டதில்லை. கடைசி நாட்களில், ஊரிலிருந்து யாரேனும் டில்லி போய் வந்தால், “நம்ம பிள்ளை ஒருத்தன் அங்கே இருக்கான், பார்த்தியா?” என்று விசாரிப்பாராம். அவர் மறைந்து முப்பது ஆண்டு ஆகிறது.

அதே கும்பகோணத்தில் 1880 முதல் 1903 வரை தமிழாசிரியராய் இருந்தவர் உ. வே. சாமிநாதையர். பின்னர் சென்னைக்குப் பெயர்ந்து, உலகம் போற்றும் பதிப்பாசிரியராக விளங்கிய அவர், முதுமையிலும் தம் ஆசிரியரை மறவாமல், மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் சரித்திரத்தை 1933-லும் 1934-லும் இரு பாகங்களாக எழுதி வெளியிட்டார். அவர் எழுதியிராவிடில் அம்மகாவித்துவானுடைய வாழ்வின் பெரும் பகுதி நமக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆசிரியர் கடனைத் தீர்க்க அவர் கண்ட வழி நினைவைத் தாளில் நிறுத்துவது. நாமோ ஓர் அஞ்சலட்டை எழுதவில்லை.

வளைவும் பீரோவும்

நண்பர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு தம் வரைபடத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். “வளைவு கட்டினால் போனவன் பெயர் மட்டும் நிற்கும். இந்த ஏட்டில்தான் எல்லோர் பெயரும் இருக்கிறது” என்றார்.

தலைமையாசிரியை அம்மையார் கேட்டவை மூன்று. பழைய கட்டடத்தின் உடைந்த ஓடுகளை மாற்ற வேண்டும். பதிவேடுகளை வைக்க இரண்டு இரும்பு பீரோக்கள் வேண்டும். ஏடுகள் ஒவ்வொன்றையும் படமெடுத்துப் பிரதி செய்து வைக்க வேண்டும். இவை வளைவுக்கு மதிப்பிட்ட தொகையிற் பாதிக்குள் அடங்கின. மீதித் தொகையைப் பண்டிதர் ஐயாவின் பெயரால் வங்கியில் இட்டு, மேற்படிப்புக்கு வெளியூர் செல்லும் ஏழைப் பிள்ளைகளின் முதற்பயணச் செலவுக்கு அதன் வட்டியைக் கொடுப்பதென்று முடிவாயிற்று. இது புதிய வழியன்று. 1958-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில், ஊர் மக்களே மாநாடு கூட்டி, பெஞ்சி முதல் கட்டடம் வரையில் பள்ளிக்குத் தேவையானவற்றை அளித்தனர். ஊரில் இருந்தவர்கள் அன்றே செய்துவிட்டதை ஊரை விட்டவர்கள் நாங்கள் அறுபது ஆண்டு கழித்துச் செய்தோம்.

விடைபெறும்போது எழுத்தர் தோழரின் கைகளைப் பற்றிக்கொண்டு, “நீயும் எங்களோடு புறப்பட்டிருக்கலாமே” என்று நாம் சொன்னது பிழையென்று சொன்ன கணமே உணர்ந்தோம். அவர் புன்னகையுடன், “எல்லாரும் போயிட்டா, வர்றவனுக்கு யாருடா பெட்டியைத் திறக்கிறது?” என்றார்.

அன்பர்களே! சென்றவர்களின் புகழைக் கூறுவதையே நாம் சரித்திரம் என்று கொண்டாடி வருகிறோம். இராமானுஜனும் சாஸ்திரியாரும் நமக்குப் பெருமை, ஐயமில்லை. அவர்களுக்கு அட்டவணை எழுதவும் சம்பளத்தைக் குறைக்கவும் பரிசு வழங்கவும் ஊரிலேயே இருந்துவிட்டவர்கள் எத்தனை பேரோ! அவர்களும் அச்சரித்திரத்தின் பங்காளிகளே.

நம் வாசகர்களை இரண்டு காரியங்கள் வேண்டுகின்றோம். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, கோயிலுக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணியைத் தாங்கள் படித்த பள்ளிக்கும் ஒதுக்குங்கள். வாழும் ஆசிரியர் எவரேனும் இருந்தால் உங்கள் குழந்தைகளை அவர் முன் நிறுத்துங்கள். இரண்டாவது நம் சங்கத்தைப் பற்றியது. ஞாயிறுதோறும் சங்கக் கூடத்தில் நம் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கிறது. அதற்கும் ஒரு வருகைப் பதிவேடு உண்டு. பழைய ஆண்டுகளின் ஏடுகள் எவர் வீட்டுப் பரணில் உள்ளனவோ நாம் அறியோம். அவற்றைத் தேடிக் கொணர்ந்து சங்க நூலகத்தில் சேர்ப்பீர்களாக. இன்று அவ்வகுப்பில் ‘அ’ எழுதும் குழந்தைகள் நாளை எந்தக் கடலைக் கடப்பரோ, எந்தக் கரையில் நிற்பரோ, எவர் அறிவார்? என்றேனும் ஒருநாள் அவர்கள் இந்தக் காலனிக்குத் திரும்பி வந்து கதவைத் தட்டினால், அவர்களுடைய வரியைத் திறந்து காட்ட இங்கே ஒருவர் இருக்க வேண்டும்.